பெட்டியை அணைத்தது யார்?

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாதே!"

நம் வீடுகளில் இன்றும் இந்த வசவைக் கேட்கிறோம். இசைத்தட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூட இதைச் சொல்கிறார்கள்.

தட்டில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? ஊசி முன்னே போகாது. ஒரே கோட்டில் சுற்றிச் சுற்றி வரும். பாடுகிறவர் ஒரே சொல்லில் மாட்டிக்கொள்வார். வீட்டுக்காரர் ஓடிவந்து ஊசியை எடுத்து அடுத்த கோட்டில் வைப்பார். அப்புறம்தான் எல்லோருக்கும் நிம்மதி.

பாரீஸ் நகரில் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். அவர் பெயர் பியர் ஷெஃபர். பிரெஞ்சு ரேடியோவில் இன்ஜினீயராக இருந்தவர். 1948-ம் வருஷம், ஊசி ஒரே வட்டத்தில் சுற்றும்படி வேண்டுமென்றே தட்டுகளைத் தயாரித்தார்! ரயில் நிலையத்துக்குப் போனார். ரயில் என்ஜின்களின் சத்தத்தைப் பதிவு செய்தார். அதைத் துண்டு போட்டார். சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப வரவிட்டார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இசையாக்கினார். 1948 அக்டோபர் 5-ந் தேதி அது ரேடியோவில் ஒலிபரப்பாயிற்று.

பாடகர் இல்லை. வாத்தியம் இல்லை. ரயில்தான் பாடியது!

இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் ஒலித்துண்டுக்கு 'லூப்' என்று பெயர். வளையம் என்று சொல்லலாம். இந்த வளையங்களைக் கொண்டே இன்று மணிக்கணக்கில் இசை செய்கிறார்கள். அதில் ஒரு வகைக்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர். சூழ்ந்திருக்கும் இசை என்று பொருள். அறையில் ஊதுவத்தி மணம் இருக்கிறது அல்லவா? அதுபோல இந்த இசை அறையில் இருக்கும். முன்னே வந்து நிற்காது. "என்னைக் கவனி" என்று கூப்பிடாது.

இது சங்கீதமா, ஏமாற்றா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

"எப்போது ஆரம்பிக்கிறது? எப்போது முடிகிறது? எங்கே கைதட்டுவது? ஒன்றும் தெரியவில்லையே! சோம்பேறிகள் செய்யும் வேலை" என்கிறார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் கண்ணை மூடிக்கொண்டு, "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்கிறார்கள். இவர்களைக் கண்டால் எனக்கு முதல் சாராரே தேவலை என்று தோன்றும்!

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இசையில் பாதி வேலை கேட்கிறவருடையது. அவர் காது கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் அவருக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையைப் பிடுங்கிவிட்டால், எவ்வளவு இனிமையான இசையும் தொந்தரவுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? சில சம்பவங்களைப் பாருங்கள்.

"கேட்காதீர்கள்!"

எரிக் சாட்டி என்பவர் பிரான்ஸ் நாட்டின் பெரிய இசைப்புலவர். இளமையில் வயிற்றுப்பாட்டுக்காகப் பாரீஸ் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்தவர். அங்கே யார் பாட்டைக் கேட்டார்கள்? குடித்தார்கள், சாப்பிட்டார்கள், அரட்டை அடித்தார்கள். கேட்க ஆள் இல்லாமல் வாசிப்பது என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிற்காலத்தில் அவர் ஒரு வினோதமான யோசனை சொன்னார். நாற்காலி, மேஜை போல இசையும் வீட்டில் ஒரு சாமானாக இருக்கவேண்டும் என்றார். நாற்காலியை யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களா? அது பாட்டுக்கு இருக்கிறது. தேவைப்பட்டால் உட்காருகிறோம். அந்த மாதிரி இசை! அதற்கு "மரச்சாமான் இசை" என்றே பெயரும் வைத்தார்.

1920 மார்ச் 8-ந் தேதி. பாரீஸில் ஒரு ஓவியக்கூடத்தில் நாடகம் நடந்தது. இடைவேளையில் சாட்டியின் புது இசை. அதைத் தயாரிக்க அவருக்குத் துணை நின்றவர், டாரியஸ் மியோ என்ற இளம் இசைக்கலைஞர். வாசிப்பவர்கள் மேடையில் உட்காரவில்லை. ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில் இருந்து சிறு சிறு துண்டுகள். அவை திரும்பத் திரும்ப வரும். அவ்வளவுதான்.

"இடைவேளையில் வாசிக்கும் இசையைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லியும் ஆயிற்று.

இசை ஆரம்பித்தது. என்ன நடந்தது தெரியுமா? எழுந்து போன ஜனங்கள் அவசர அவசரமாகத் திரும்பி வந்தார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மரியாதையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்!

சாட்டிக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தினிடையே ஓடினார். பேசுங்கள் என்று கெஞ்சினார். நடமாடுங்கள் என்று கத்தினார். கேட்காதீர்கள் என்று மன்றாடினார். ஒருவரும் அசையவில்லை. மியோ பிற்காலத்தில் எழுதிய தன் வாழ்க்கைக் கதையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு அந்த ஜனங்கள்மேல் இரக்கம் வந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? வாத்தியம் ஒலித்தால் வாயை மூடு என்று சிறு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கச்சேரியில் இருமினால்கூட முறைத்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் மாற்றிக்கொள் என்றால் முடியுமா?

அந்த சாட்டியே 1893-ம் வருஷ வாக்கில் ஒரு பக்க அளவுக்கு ஒரு பியானோ இசை எழுதி வைத்திருந்தார். அதை 840 தடவை வாசிப்பது பற்றி மேலே ஒரு குறிப்பு! வேடிக்கைக்கு எழுதினாரா, நிஜமாக எழுதினாரா? அவருக்கே வெளிச்சம். 1963 செப்டம்பரில் ஜான் கேஜ் என்ற அமெரிக்கர் நியூயார்க்கில் அதை நிஜமாகவே வாசிக்க வைத்துவிட்டார். பியானோக்காரர்கள் முறை வைத்து மாறி மாறி வாசித்தார்கள். 18 மணி 40 நிமிஷம் ஆயிற்று. டிக்கெட் 5 டாலர். ஆனால் 20 நிமிஷம் உட்கார்ந்திருந்தால் 5 காசு திருப்பித் தரப்பட்டது! கேட்பதற்குக் கூலி கொடுத்த கச்சேரி! ஆரம்பம் முதல் கடைசி வரை அசையாமல் இருந்த ரசிகர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு நடிகர்.

மேடையில் முட்டிய பெண்

அடுத்த சம்பவத்தில் சிரிப்பு குறைவு. கோபம் அதிகம்.

நியூயார்க்கில் கார்னகி மண்டபம் என்று ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற கச்சேரி மண்டபம். 1973 ஜனவரி 18-ந் தேதி அங்கே ஸ்டீவ் ரைக் என்ற இளைஞரின் இசை அரங்கேறியது. நாலு மின்சார ஆர்கன் பெட்டிகள். கூடவே, விதை போட்ட குடுக்கையைக் குலுக்கித் தாளம் போட ஒருவர்.

நாலு பெட்டியும் வாசித்தது ஒரே சுரக்கூட்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார்கள். குடுக்கைத் தாளம் நிற்கவே இல்லை. முடிய ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வந்திருந்தவர்கள் பழைய மேதைகளின் சங்கீதத்தைக் கேட்டுப் பழகியவர்கள். அஞ்சு நிமிஷம் பொறுத்தார்கள். அப்புறம் செருமினார்கள். பிறகு கூச்சல் எழுந்தது. "போதும், நிறுத்து" என்று கத்தினார்கள். மேடையில் இருந்தவர்கள் எத்தனையாவது சுற்றில் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததாம். ஒரு பெண் மேடை வரை நடந்து வந்தார். மேடை விளிம்பில் தலையை முட்டிக்கொண்டார்! அன்று கூட வாசித்த மைக்கேல் டில்சன் தாமஸ் இதை நினைவு கூர்ந்திருக்கிறார். முடிந்தபோது பலர் கூச்சல் போட்டார்கள். சிலர் ஆரவாரம் செய்தார்கள். ரைக்கின் முகம் வெளிறிப் போயிருந்ததாம்.

அந்தப் பெண்ணின் கட்சியைப் பேச யாரும் இல்லை. நான் பேசுகிறேன். அவர் கச்சேரி கேட்க வந்தார். கதவை மூடினார்கள். நடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போவது அவ்வளவு சுலபமா? பத்துப் பேர் காலை மிதிக்கவேண்டும். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் வேறு என்ன செய்வார்?

ரைக்கின் இசை மட்டம் என்று நான் சொல்லவில்லை. நான் அதை வீட்டில் கேட்டேன். முதல் அஞ்சு நிமிஷம் எனக்கும் எரிச்சல்தான். எட்டாவது நிமிஷம் வாக்கில் காதில் ஏதோ மாறியது. சுரத்தை விட்டுவிட்டுச் சுரத்தின் ஓரங்களைக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு ஆர்கன் சற்று முந்துகிறது. இன்னொன்று பின்தங்குகிறது. முன்பு கேட்காத அசைவெல்லாம் கேட்டது. ஆனால், நான் கேட்டது என் வீட்டு நாற்காலியில். பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்ற தைரியத்தில் கேட்டேன்!

பேச்சு பாட்டாகும் விந்தை

திரும்பத் திரும்பக் கேட்டால் காது ஏன் மாறுகிறது? இதற்கு ஒரு விந்தையான சாட்சி உண்டு.

டயானா டாய்ச் என்பவர் அமெரிக்காவில் மனநூல் பேராசிரியை. காதுக்கும் மூளைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்பவர். 1995-ம் வருஷம் அவர் தன்னுடைய சொற்பொழிவின் ஒலிப்பதிவைத் திருத்திக்கொண்டிருந்தார். அதில் இருந்து நாலைந்து சொற்களை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார். அறையில் வேறு வேலையாக இருந்தார். திடீரென்று, யாரோ பாடுவது போல் இருந்தது! திரும்பிப் பார்த்தால், அவர் பேசிய பேச்சுதான். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி மறுபடி வந்ததால் பேச்சு அவர் காதில் பாட்டாகிவிட்டது. பிறகு பலரிடம் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அப்படியே!

நம் தெருவிலும் இது நடக்கிறது. பழைய இரும்பு வாங்கும் வண்டி வருகிறது. ஒலிபெருக்கியில் ஒரே அறிவிப்பு ஓயாமல் ஓடுகிறது. மூன்றாம் நாள் தெருப்பிள்ளைகள் அதை ராகம் போட்டுப் பாடுகிறார்கள். யார் மெட்டுப் போட்டது? யாரும் போடவில்லை. கேட்டவர்களின் காது போட்டது.

பாதி வேலை கேட்கிறவருடையது என்று நான் சொன்னது இதைத்தான்.

படுக்கையில் பிறந்த இசை

'ஆம்பியன்ட்' என்ற பெயரை உலகமெல்லாம் பரப்பியவர் இங்கிலாந்துக்காரரான பிரையன் ஈனோ. அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது ஒரு விபத்தில்!

1975-ம் வருஷ ஆரம்பத்தில் லண்டனில் அவர் மேல் ஒரு டாக்சி மோதியது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தார். பார்க்க வந்த சினேகிதி ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார். பழைய காலத்து யாழ் இசை. அவர் போன பிறகு ஈனோ சிரமப்பட்டுத் தட்டைப் போட்டுவிட்டு வந்து படுத்தார். படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் மிகவும் குறைவு. போதாததற்கு, இரண்டு ஒலிபெருக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்து போக உடம்பில் தெம்பு இல்லை.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே யாழின் உரத்த நரம்பொலி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. வெளிச்சமும் மழையும் எப்படியோ, அப்படியே இசையும் அறையில் ஒரு பொருளாக இருந்தது. இசையை இப்படியும் கேட்கலாமா என்று யோசித்தார். அந்த வருஷமே அதற்கென்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். 1978-ல் விமான நிலையங்களுக்கென்றே ஒரு தட்டு வந்தது. 1980-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஒரு பகுதியில் அதை ஒலிக்கவும் செய்தார்கள்.

இந்த விமான நிலைய இசையை அவர் செய்த விதம் அழகு. பாடகிகள் பாடிய தனித்தனிச் சுரங்களை ஒலிநாடாவில் எடுத்தார். ஒவ்வொரு நாடாவையும் வளையமாக ஒட்டினார். ஒரு வளையம் சுற்றி வர இருபத்து மூன்றரை வினாடி. இன்னொன்றுக்கு ஏறக்குறைய 26 வினாடி. மற்றொன்றுக்கு ஏறக்குறைய 30. நாடா அவ்வளவு நீளம் இருந்ததால் ஸ்டூடியோவில் இருந்த அலுமினிய நாற்காலிகளின் கால்களைச் சுற்றி ஓடவிட்டாராம்!

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்கு மூன்று பஸ்கள் வந்து போகின்றன. ஒன்று 7 நிமிஷத்துக்கு ஒரு தடவை. இன்னொன்று 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது 13 நிமிஷத்துக்கு ஒரு தடவை. காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. மறுபடி மூன்றும் எப்போது ஒன்றாக நிற்கும்? ஏழைப் பதினொன்றாலும் பதிமூன்றாலும் பெருக்குங்கள். 1001 நிமிஷம். அதாவது இரவு 10 மணி 41 நிமிஷத்துக்கு! பகல் முழுவதும் பஸ்கள் வருகின்றன. புது பஸ் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு தடவை இருந்த காட்சி மறு தடவை இல்லை.

ஈனோவின் இசை அதுதான். ஒவ்வொரு வளையமும் சொன்னதையே சொல்கிறது. எல்லாம் சேர்ந்தால் சொன்னதைச் சொல்வதே இல்லை. "ஒரே மாதிரி இருக்கிறது" என்பவர்களுக்கு நான் இந்தப் பஸ் கணக்கைத்தான் சொல்வது வழக்கம்.

ஆச்சியின் பெட்டி

கேட்காமல் இருப்பதும் ஒருவிதக் கேட்டல் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் ஆச்சி. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

பூஜை அறையில் ஒரு சின்ன மந்திரப் பெட்டி. மின்சாரத்தில் செருகினால் "ஓம் நமசிவாய" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காலேஜ் லீவுக்குப் போயிருந்தேன். ஆச்சி சமையல் கட்டில் அம்மாவிடம் ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார். யாரும்தான் கேட்கவில்லையே என்று பெட்டியை அணைத்தேன்.

அணைத்த மறுகணம் ஆச்சியின் குரல்:

"ஏலே, பெட்டிய யாருலே அணைச்சா?"

"நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீய ஆச்சி?"

"கேக்கலலே. நின்னா தெரியுதுல்லா!"

கச்சேரியில் பின்னால் தம்பூரா மீட்டுகிறார்களே, அதை யார் கேட்கிறார்கள்? நிறுத்திப் பாருங்கள், தெரியும்! அமெரிக்காவில் இந்த வளைய இசையை வளர்த்தவர்களுக்கும் அந்தத் தம்பூரா மேல் காதல்தான். டெர்ரி ரைலி, லா மான்ட் யங் என்ற இருவரும் 1970 முதல், வட இந்தியாவின் கிரானா பரம்பரைப் பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் சீடர்களாக இருந்து கற்றார்கள்.

சீனாவில் பௌத்தர்கள் வைத்திருக்கும் ஜபப் பெட்டியும் ஆச்சியின் பெட்டியைப் போன்றதுதான். 2005-ல் பீஜிங் நகரில் எஃப்.எம்.3 என்ற இரட்டையர், அந்த மாதிரிப் பெட்டியிலேயே மந்திரத்துக்குப் பதில் 9 இசை வளையங்களைப் போட்டு விற்றார்கள். நாடு நாடாக வாங்கினார்கள். கடைசி வரை கேட்டு முடிக்கவே முடியாத இசைத்தட்டு என்று சொல்லலாம்!

கேட்பவர் மனநிலை இசையின் பொருளையே மாற்றிவிடுவதும் உண்டு. 2001-ம் வருஷம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வில்லியம் பசின்ஸ்கி என்பவர் தன் பழைய நாடா வளையங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். நாடா பழசாகிவிட்டது. ஓட ஓட அதன் மேல் பூச்சு உதிர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இசை கொஞ்சம் தேய்ந்தது. அவர் நிறுத்தவில்லை, தேய்வதையே பதிவு செய்தார். அந்தச் செப்டம்பர் 11-ந் தேதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. மாலையில் மாடியில் இருந்து புகையைப் படம் பிடித்தார். அந்தப் படமும் அந்த இசையும் சேர்ந்தன. முதலில் அது நாடா தேய்ந்த சத்தம்தான். இன்று கேட்பவர்களுக்கு அது இழவு வீட்டு இசை.

பஸ்ஸில் பாட்டு, கோர்ட்டில் வழக்கு

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் 'மியூசாக்' என்று ஒரு கம்பெனி 1934-ல் தோன்றியது. ஆபீசுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கம்பி வழியாக இசை அனுப்புவது அதன் தொழில். பிற்பாடு ஒரு திட்டம் வகுத்தார்கள். கால் மணி நேரத்துக்குப் பாட்டு. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிறகு கால் மணி நேரம் மௌனம். தொழிலாளி சோர்வடையாமல் வேலை செய்வதற்காக! பாட்டு யாருக்காக? கேட்பவருக்காக அல்ல. கேட்பவரிடம் வேலை வாங்குபவருக்காக.

அதே காலத்தில் வாஷிங்டன் நகரில், பஸ்களிலும் டிராம்களிலும் ஒலிபெருக்கி வைத்து ரேடியோ போட்டார்கள். பாட்டு, நடுநடுவே விளம்பரம். இரண்டு பிரயாணிகள் எதிர்த்தார்கள். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிரயாணிகளுக்கு ஆட்சேபம் இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். 1952-ல் தீர்ப்பு. ரேடியோ போடலாம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால் டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். பஸ்ஸில் வருபவர் இறங்கி நடக்க முடியாதவர். அவர் காதில் எதையும் திணிக்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற இன்னொரு நீதிபதி வழக்கில் இருந்தே விலகிக்கொண்டார். காரணம் என்ன தெரியுமா? அந்த ரேடியோவால் தாமே அவதிப்படுவதாகவும், அதனால் நடுநிலையாக இருக்க முடியாது என்றும் சொன்னார்!

நம் ஊர் டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த நீதிபதியின் கஷ்டம் புரியும்.

எனக்குப் புரிந்தது ஒரு ஆஸ்பத்திரியில். போன வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காத்திருக்கும் கூடத்தில் ராத்திரி முழுவதும் ஒரு புல்லாங்குழல் இசை. நல்ல வாசிப்பு. மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருப்பார்கள். ஆனால் நாலே நிமிஷத் துண்டு. முடியும், மறுபடி ஆரம்பிக்கும். விடியும் வரை எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். உள்ளே அவர் மனைவி. காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். நர்சு அம்மாளிடம் போய், "கொஞ்சம் நிறுத்தக்கூடாதா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கும் தலைவலிதான் சார். சுவிட்சு இங்கே இல்லை" என்றார்.

சுவிட்சு எங்கே இருக்கிறது என்று அந்த மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஈனோவும் ஒரு நோயாளிதான். அவர் காதிலும் தாமாக நிறுத்த முடியாத இசைதான் ஒலித்தது. ஆனால் அந்தத் தட்டைப் போட்டவர் அவர். அது மெல்லிய சத்தம். மழையை அது மறைக்கவில்லை.

ஒரே ஆள், 650 பெயர்கள்!

இப்போது பாட்டு செல்போனில் வருகிறது. "தூங்குவதற்கு", "படிப்பதற்கு", "மன அமைதிக்கு" என்று தனித்தனிப் பட்டியல்கள். தட்டிவிட்டால் ராத்திரி முழுவதும் ஓடும். சுவிட்சு நம் கையில்தான். அதனால் இது நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

2024 மார்ச்சில் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று ஒரு செய்தியை வெளியிட்டது. இப்படிப்பட்ட பட்டியல்களில் வரும் இசையைப் பற்றித் துப்புத் துலக்கியிருந்தார்கள். அந்த நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் 650-க்கும் மேற்பட்ட கற்பனைப் பெயர்களில் இசை வெளியிட்டிருக்கிறார்! மொத்தம் 2,700 உருப்படிகளுக்கு மேல். அவை கேட்கப்பட்டது சுமார் 1,500 கோடி தடவை!

1,500 கோடி தடவை கேட்ட ஒருவரின் பெயர் கேட்டவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்டது 650 பேரை என்று நினைத்தார்கள்.

அவர் திருடவில்லை. இசையமைத்தார், கூலி பெற்றார். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. கவனிக்காமலும் இருக்கலாம் என்று சாட்டியும் ஈனோவும் கேட்பவருக்கு ஒரு சுதந்திரம் கொடுத்தார்கள். எப்படியும் கவனிக்கமாட்டார்கள் என்று நம்பி இவர்கள் ஒரு வியாபாரம் செய்கிறார்கள். முன்னவர்கள் செய்த இசையில், நீங்கள் எப்போதாவது காதைத் திருப்பினால் உங்களுக்கென்று ஏதோ ஒன்று இருக்கும். மழை நாளில் ஜன்னல் பக்கம் திரும்பினால் இருப்பது போல. இந்தப் பட்டியல்களில் பலவற்றைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் பஞ்சு!

கேட்காமல் இருக்கும்போது எல்லாம் ஒன்றுதானே, என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஆச்சிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா? கேட்காதபோதும் நமக்குள் ஏதோ போகிறது. வீட்டுத் தண்ணீர்ப் பானையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுபோல் இதையும் பார்க்கத்தான் வேண்டும். ராத்திரி போடுகிற பாட்டைப் பகலில் ஒரு தடவை, வேறு வேலை இல்லாமல், உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அஞ்சு நிமிஷம் போதும்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கையில்தான் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். ஒருநாள் சாயங்காலம் ஈனோவின் விமான நிலைய இசையைச் சத்தம் குறைத்து வைத்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அப்பா கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"அதுதாம்ப்பா பாட்டு."

அப்பா கொஞ்ச நேரம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

ரிமோட்டை அவர் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.